கூடுவாஞ்சேரி டு கிண்டி: சத்தம் அடக்கும் ஹெட்போன் வாங்கப் போகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் வாங்கிய ‘சத்தம் அடக்கும்’ ஹெட்போன் எந்தச் சத்தத்தையும் அடக்கவில்லை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘இ.என்.சி.’ என்று போட்டிருந்தது. விலை 1,999 ரூபாய். “ஏ.என்.சி.ன்னுதானே கேட்டேன் தம்பி” என்றதற்கு, “ரெண்டும் ஒண்ணுதான்க்கா” என்றான் கடைப் பையன். மறுநாள் காலை கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, ஆசையாக மாட்டிக்கொண்டேன். ரயில் முழுசாக உள்ளே கேட்டது.

இரண்டும் ஒன்றே அல்ல. இ.என்.சி. (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்பது மைக்குக்கானது. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குப் போகாமல் வடிகட்டும். உங்கள் காதுக்கு அதனால் சல்லிக்காசு பயனில்லை. வெளிச்சத்தத்தை அடக்கும் ஏ.என்.சி. (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்)தான் காதுக்கானது. அந்த 1,999 ரூபாயால் பலன் அடைந்தது என் தங்கைதான். நான் ரயிலிலிருந்து பேசியது அவளுக்கு நன்றாகக் கேட்டதாம். மலிவு ஹெட்போன்களின் விளம்பரத்தில் இந்த இரண்டு எழுத்துக் கூட்டமும் அடுத்தடுத்து வரும். எது இருக்கிறது, எது இல்லை என்று முதலில் அதைப் பாருங்கள்.

என் வேலையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று புரியும். வாடிக்கையாளர் சேவை மையத்தில் பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவள் நான். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் யாரோ யாரையோ திட்டுவதைக் கேட்பதுதான் சம்பளம். அதற்கு முன்னும் பின்னும் கூடுவாஞ்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவே ரயில். ஆக, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் காதில் ஏதோ ஒன்று மாட்டியிருக்கும்.

கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே ஒரு நாள் ஹெட்போன் இல்லாமல் வேலைக்குப் போய், வழியில் உங்களைப் படுத்தும் சத்தங்களை எழுதுங்கள். என் பட்டியலில் இருந்தவை: சக்கரம் தண்டவாளத்தில் உருளும் கடகடப்பு, பெட்டிக்குள் ஓடும் மின்விசிறிகள், திறந்த கதவு வழியாக அடிக்கும் காற்று, ஹாரன், பெண்கள் பெட்டியின் பேச்சு, ஹேர் கிளிப் விற்கும் அம்மாவின் குரல், திரிசூலம் தாண்டும்போது தலைக்கு மேல் போகும் விமானம். அலுவலகத்தில் ஏ.சி. உறுமல், கீபோர்டு சத்தம், அடுத்த மேசைக்காரர் வீட்டுக்குப் போன் பண்ணுவது. எழுதி முடித்ததும் இரண்டாகப் பிரியுங்கள். விடாமல் ஒரே சீராக ‘ம்ம்ம்’ என்று ஓடுபவை ஒரு பக்கம். திடீரென்று வருபவையும் கீச்சென்று இருப்பவையும் பேச்சும் மறுபக்கம். ஏ.என்.சி.யால் முதல் பக்கத்தைத்தான் விழுங்க முடியும். இரண்டாவது பக்கத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும், அவ்வளவுதான். உங்கள் பட்டியலில் இரண்டாவது பக்கம் நிறைந்து, முதல் பக்கம் காலியாக இருந்தால் முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனும் உங்களை ஏமாற்றும்.

இதற்குக் காரணம் எளிமையானது. காது மூடியில் இருக்கும் சின்ன மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையைச் செய்து ஸ்பீக்கர் வழியாக விடுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்து சமமாகிவிடுகின்றன. ஆனால் எதிர் அலை மிகச் சரியான நேரத்தில் வந்து சேர வேண்டும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) உறுமல் ஒன்றின் அலை நீளம் சுமார் 3.4 மீட்டர். அதில் ஓரிரு சென்டிமீட்டர் முன்பின் ஆனாலும் கெட்டுப்போகாது. 5,000 ஹெர்ட்ஸ் கீச்சொலிக்கோ அலை நீளம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. மூன்றரை சென்டிமீட்டர் தள்ளிப்போனால் மேட்டின் மேல் மேடு உட்கார்ந்து, சத்தம் குறைவதற்குப் பதில் கூடும். அதனால்தான் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.என்.சி. மெல்ல ஒதுங்கிக்கொள்கிறது, அங்கே வேலை பார்ப்பது காதைச் சுற்றி உட்காரும் குஷன்தான்.

இந்த யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் நம் காதுக்கு அது வந்து சேர்ந்த கதை விமானத்தில் தொடங்குகிறது. 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பிக்கொண்டிருந்த, போஸ் கம்பெனியை நிறுவிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலை மீறி எதுவும் கேட்காமல் எரிச்சலாகி, அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். (அவர் அப்பா வங்காளத்திலிருந்து போன விடுதலைப் போராட்டக்காரர்.) 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் வந்தது, சாதாரணப் பயணிகளுக்கான போஸ் ஹெட்போன் 2000-இல்தான். விமான இன்ஜினுக்காகப் பிறந்த சாமான் இது. பெண்கள் பெட்டிக்காகப் பிறந்ததல்ல.

அந்தப் பெட்டியின் பேச்சுக்கு நான் கண்ட வழி: ஏ.என்.சி.யைப் போட்டு, மழைச் சத்தமோ வீணையோ மெல்லிய ஒலியில் ஓடவிடுவது. உறுமல் போய்விட்டதால் கொஞ்சம் ஒலியே பேச்சை மூடிவிடும்.

சரி, கடைக்கு வருவோம். கடையில் எல்லோரும் செய்வது, மாட்டியவுடன் ஒரு பாட்டைப் போட்டுத் தலையை ஆட்டுவது. பாட்டு எல்லாவற்றிலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் பாட்டே போடாதீர்கள். ஏ.சி.க்கு நேர் கீழே போய் நில்லுங்கள். ஹெட்போனை மாட்டி, ஏ.என்.சி.யை அணைத்து, போட்டு, மறுபடி அணைத்துப் பாருங்கள். வித்தியாசம் அங்கே தெரியும். அடுத்து, குஷனின் விளிம்பில் ஒரு விரலை நுழைத்து லேசாகத் தூக்குங்கள். சத்தம் குபுக்கென்று உள்ளே வரும். அந்தச் சின்ன இடைவெளி எவ்வளவு கெடுக்கிறது என்பதை உங்கள் காதாலேயே தெரிந்துகொள்ளத்தான் இது. ஏனென்றால் அதே இடைவெளியை நாம் தினமும் நாமே உண்டாக்குகிறோம்.

நான் கண்ணாடி போடுகிறவள். கண்ணாடியின் காம்பு குஷனுக்கும் கன்னப்பொறிக்கும் நடுவே போய் உட்கார்ந்து, அங்கே ஒரு வாய்க்கால் வெட்டிவிடுகிறது. குஷன் தடிமனாகவும் மெத்தென்றும் இருந்தால் அது காம்பைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும். விறைப்பான குஷன் அமுங்காது, போதாக்குறைக்கு ஒரு மணி நேரத்தில் காம்பைத் தலைக்குள் அழுத்தி வலி எடுக்கவைக்கும். மெல்லிய உலோகக் காம்புக் கண்ணாடிக்கு மாறிய பிறகு எனக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கண்ணாடிக் கடைக்காரரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னபோது ஒரு மாதிரி பார்த்தார்.

ஹெட்போன் விமர்சனம் எழுதும் ஆண்கள் ஒருவரும் சொல்லாத விஷயம் ஜிமிக்கி. காதைச் சுற்றி மூடும் ஹெட்போனுக்குள் தொங்கட்டான் நுழையாது. வெளியே விட்டால் குஷன் படியாது. உள்ளே திணித்தால் கழுத்தில் குத்தும், தலையை ஆட்டும்போதெல்லாம் காது மூடிக்குள் கிணிகிணி என்று கேட்கும். நான் வேலை நாட்களில் சின்னத் தோடுதான். பின்பக்கத் திருகாணி நீளமாக இருந்தாலும் அழுத்தும், அதையும் கவனியுங்கள். காது மூடியின் உட்குழி உங்கள் காதை முழுசாக விழுங்குகிறதா, காது மடல் உள்ளே துணியில் இடிக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். ‘ஓவர் இயர்’ என்று பெட்டியில் போட்டிருந்தும் பாதிக் காதின் மேல் உட்காரும் குட்டி ரகங்கள் உண்டு.

தலைப்பட்டைக்கும் கொண்டைக்கும் சண்டை வரும். கிளட்ச் கிளிப் போட்டு உயரக் கொண்டை போடுகிறவர்கள் கிளிப்போடேயே கடைக்குப் போய் மாட்டிப் பாருங்கள். எப்படி வேலைக்குப் போவீர்களோ அப்படியே போவதுதான் சரி.

குறைந்தது இருபது நிமிடம் கழற்றாமல் போட்டிருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் எல்லா ஹெட்போனும் பஞ்சு மெத்தை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது போல் செய்து, நழுவுகிறதா என்று பாருங்கள். வாயை மென்று பாருங்கள். எடையையும் கேளுங்கள். சோனியின் சி.எச்.720என் 192 கிராம், எக்ஸ்.எம்.5 சுமார் 250, சென்ஹைசர் மொமென்டம் 4 சுமார் 293, ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவில். எண்ணில் பார்த்தால் நூறு கிராம் ஒரு பொருட்டா என்று தோன்றும். நான்கு மணி நேரம் கழித்து உச்சந்தலையைக் கேளுங்கள், அது சொல்லும். சிலருக்கு ஏ.என்.சி.யைப் போட்டவுடன் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது காது அடைப்பது போல இருக்கும். உண்மையில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் சட்டென்று மறைவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. பலருக்கு இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதவர்களும் உண்டு, என் தோழி ஒருத்திக்குத் தலைசுற்றலே வந்தது. அவளுக்கு நன்றாகக் காதை அடைக்கும் சாதாரண ஹெட்போன் போதும், பணமும் மிச்சம்.

இப்போது வேலை விஷயம். இங்கேதான் நான் இரண்டாவது முறை சூடு வாங்கினேன். கொஞ்சம் நல்ல விலையில் ஒன்று வாங்கி, வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாள், என் சொந்த லேப்டாப்பில் ப்ளூடூத் வழியாக மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் நுழைந்தேன். அதுவரை தேனாகப் பாடிக்கொண்டிருந்தது, மைக் திறந்த நொடியில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிட்டது. கெட்டுப்போனதை விற்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன். கெடவில்லை. பழைய ப்ளூடூத் முறையில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக்கை யாராவது கேட்டவுடன் ஹெட்போன் பேச்சு வழிக்குத் தாவிவிடும். அந்த வழியில் ஸ்டீரியோ கிடையாது, தரமும் தொலைபேசித் தரம்தான். பத்தாயிரம் ரூபாய் ஹெட்போனுக்கும் முப்பதாயிரத்துக்கும் இதுவே கதி. எல்.இ. ஆடியோ என்ற புது முறை இதைச் சரிசெய்கிறது, ஆனால் ஹெட்போன், லேப்டாப் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒரு குறுக்கு வழி. மீட்டிங் செயலியின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக ஹெட்போனையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் பாட்டு வழியிலேயே இருக்கும்; கேட்பது தெளிவாகக் கேட்கும். அறை அமைதியாக இருந்தால் லேப்டாப் மைக் போதும். நாள் முழுக்கப் பேசுவதே வேலை என்பவர்களுக்கு இந்த அழகு ஹெட்போன்கள் வேண்டாம் என்பேன். வாய்க்குப் பக்கத்தில் மைக் தண்டு வரும் அலுவலக ஹெட்செட்தான் சரி. ஏ.என்.சி.யோடு சேர்த்தே ஜாப்ரா போன்றவர்கள் செய்கிறார்கள். வேண்டாதபோது தண்டை மடக்கி மறைத்துவிடலாம், கணினியில் செருகி இணைக்கும் யு.எஸ்.பி. டாங்கிளும் கூட வரும். காதோரம் இருக்கும் மைக் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்றாலும் வாயோரம் இருக்கும் மைக்குக்கு ஈடாகாது.

மைக்கைச் சோதிப்பது எப்படி? கடை வாசலுக்கு வந்து, ரோட்டைப் பார்த்து நின்று, ஹெட்போன் வழியாக உங்களுக்கு நீங்களே ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்யுங்கள். உள்ளே போய்க் கேளுங்கள். பேருந்து போனபோது உங்கள் குரல் பிசிறடித்ததா, வார்த்தை விழுங்கப்பட்டதா, தெரிந்துவிடும்.

வாங்கும் முன் அலுவலகத்தில் ஐ.டி. ஆட்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ப்ளூடூத் திறந்திருக்கிறதா?” எங்களுக்குக் கொடுத்திருக்கும் கணினிகளில் பாதுகாப்புக் காரணமாக அது பூட்டப்பட்டிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு 3.5 மில்லிமீட்டர் ஒயர் போடும் துளையோ, யு.எஸ்.பி.-சி வழியாக ஒலி வரும் வசதியோ கட்டாயம். ஒயரில் போட்டாலும் ஏ.என்.சி. வேலை செய்கிறதா, மைக் வேலை செய்கிறதா, சார்ஜ் தீர்ந்த பிறகும் ஒலி வருகிறதா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒயர் போட்டவுடன் மைக் செயலிழக்கும் மாடல்கள் நிறைய. ப்ளூடூத் திறந்திருக்கும் அதிர்ஷ்டசாலிகள், போன், லேப்டாப் இரண்டோடும் ஒரே நேரத்தில் இணையும் ‘மல்டிபாயின்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு போன் வரும்போதும் இணைப்பை மாற்றியே ஆயுசு கழியும்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஏ.என்.சி. அளவுக்கு முக்கியம், வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி. டிரான்ஸ்பரன்சி என்றும் ஆம்பியன்ட் என்றும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் மாலை கிண்டியில் ஏறினேன், கண்ணை மூடினேன். தாம்பரத்தோடு வண்டி நிற்கிறது என்ற அறிவிப்பு என் காதுக்கு வரவே இல்லை. தோளில் யாரோ தட்டினார்கள். காலிப் பெட்டியில் காலிப் பூக்கூடையோடு ஒரு அம்மா: “எம்மா, வண்டி ஷெட்டுக்குப் போவுது, எறங்கு.” அன்றிலிருந்து ஸ்டேஷன் நெருங்கும்போது ஆம்பியன்டுக்கு மாற்றிவிடுகிறேன். அந்த மாற்றத்துக்கு ஒரு தனி பட்டன் இருக்க வேண்டும். போனை எடுத்து ஆப்பைத் திறந்து செய்வதெல்லாம் கூட்டத்தில் நடக்காது. தொட்டுத் தடவும் வகையா, அழுத்தும் பட்டனா என்றால் எனக்குப் பட்டன்தான். வியர்த்த விரலுக்குத் தொடும் வகை வழிக்கு வராது. சில மாடல்களில் நீங்கள் வாய் திறந்தால் தானாகப் பாட்டு நிற்கும் வசதி உண்டு. கூடவே முணுமுணுத்துப் பாடும் பழக்கம் இருந்தால் முதல் வேலையாக அதை அணையுங்கள்.

கதவோரம் நிற்கிறவர்களுக்கு இன்னொன்று. காற்று நேராக வெளி மைக்கில் அடித்தால் ஏ.என்.சி. அதையும் சத்தம் என்று நினைத்து, காதுக்குள் புயலே அடிக்கும். காற்றிரைச்சலைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உள்ளே தள்ளி நில்லுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போதும், ஸ்கூட்டர் ஓட்டும்போதும் இதை மாட்டவே கூடாது. ஆம்பியன்டில் வைத்திருக்கிறேன் என்ற சமாதானமும் கூடாது.

ஏ.என்.சி.க்கு நான் பணம் கொடுத்த உண்மையான காரணம் காது மருத்துவர். இரவு படுத்தால் காதில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு ஒலியில், எத்தனை மணி நேரம் என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒலி 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. என் வேலை நேரமே வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தொடுகிறது, அதற்கு மேல் ரயில் வேறு. சாதாரண ஹெட்போனில் ரயில் இரைச்சலை மீறிக் கேட்க, ஒலியை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். இப்போது பாதிகூட வேண்டாம். பல போன்களிலேயே ஹெட்போன் ஒலி அளவைக் காட்டும், எல்லை வைக்கும் அமைப்பு இருக்கிறது; தேடி எடுத்துப் போட்டுவிடுங்கள்.

விலை. ஐந்தாயிரத்துக்குள் இப்போது உண்மையான ஏ.என்.சி. கிடைக்கிறது, மின்விசிறி, ஏ.சி. உறுமல் குறையும், ரயில் ஓரளவு குறையும். பத்தாயிரத்தைச் சுற்றி வாங்கினால் தினசரிப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் முப்பதாயிரம் வரை கொடுப்பதில் பாதிப் பணம் ஏ.என்.சி.யின் கடைசிக் கொசுறுக்கு, மீதி சொகுசுக்கு. நான் வாங்கியது சோனியின் எக்ஸ்.எம்.4. அது 2020-இல் வந்த மாடல், 2022-இல் எக்ஸ்.எம்.5 வந்து இது விலை இறங்கிய பிறகு வாங்கினேன். புதிது மடங்காது, பழையது மடங்கும் என்பதும் ஒரு காரணம். என் கைப்பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் போக மடங்குவதற்குத்தான் இடம். (2025-இல் வந்த எக்ஸ்.எம்.6-இல் மறுபடி மடக்க வைத்துவிட்டார்கள்.) ‘இத்தனை டெசிபெல் குறைக்கும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். அது ஏதோ ஒரு அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு. ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இணையத்தில் வாங்கினால் திருப்பும் விதியை வாங்கும் முன்பே படியுங்கள். பழுதானால் மாற்றித் தருவோம் என்பது வேறு, பிடிக்காவிட்டால் பணம் தருவோம் என்பது வேறு. அதனால் கடையில் மாட்டிப் பார்த்துவிட்டு, விலையை ஒப்பிட்டு எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். பாதி விலைக்கு உச்ச மாடல் என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் நகல். கம்பெனியின் ஆப்பில் அது இணைகிறதா என்பது கைவசம் உள்ள சுலபமான சோதனை.

வாங்கிய பிறகு எதிரி இரண்டு: வியர்வை, தேங்காய் எண்ணெய். என் முந்தைய ஹெட்போனின் குஷன் ஒன்றரை வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து, கறுப்புத் துணுக்குகள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். மாற்றுக் குஷன் தேடினால் அந்த மாடலுக்குக் கிடைக்கவே இல்லை. குஷன் போனால் ஏ.என்.சி.யும் போன மாதிரிதான், இடைவெளி விழுந்துவிடுமே. எனவே கடையில் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: “இதுக்கு குஷன் தனியா கிடைக்குமா, என்ன விலை?” பெரும்பாலான பெரிய ஹெட்போன்களுக்கு நீர் தாங்கும் தரமே கிடையாது என்பதால் மே மாதத்து வியர்வையோடு பையில் போட்டு ஜிப்பை இழுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் குஷனைத் துடைத்து, காற்றாட வெளியே வைக்கிறேன். எண்ணெய் தேய்ப்பதை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன், காலையில் ஒரு துண்டால் காதோரம் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவது. மேலே துணி உறை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் விரலை நுழைத்துப் பார்த்த சோதனையை உறையோடு ஒரு முறை செய்து பாருங்கள், கழற்றிவிடுவீர்கள்.